காக்கா என்றால் காகம் இல்லை, தங்கச்சி

குச்சவெளிப் பக்கம் சுற்றி எடுத்த பதினொரு நேர்காணலோடு போன கிழமை என் தங்கச்சி திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் நம்மட ஊரான புல்மோட்டைக்கு வந்து இறங்கினாள். சமூகப்பணிப் பட்டப்படிப்பின் கடைசி வருடம். குழுக் கடன் எடுத்த பெண்களைப் பற்றிய ஆய்வு. ஒவ்வொரு ரெக்கோர்டிங்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. பையை இறக்கி வைக்க முதலே கேட்டாள்: “ராத்தா, இதையெல்லாம் ஏஐக்குக் குடுத்தா எழுதியும் தருமாம், தீமும் பிரிச்சுத் தருமாம். ஒரே ராவில முடிஞ்சிரும். குடுக்கட்டா?”

அன்றிரவு இரண்டு மணி வரைக்கும் இருந்து கதைத்தோம். பத்து வருடமாக வெளிக்கள வேலை பார்த்து, நானும் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டிப் படித்ததை அவளுக்குச் சொன்னேன். புல்மோட்டையிலிருந்தும் திரியாய், தென்னமரவாடிப் பக்கமிருந்தும் படிக்கப் போகிற பிள்ளைகள் ஆய்வு என்று வரும்போது கடைசியில் நம்மட சனத்தின் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதில் வரும் பெண்களின் விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கோடு கீறிக்கொள், தங்கச்சி. உன் சொல் ஒரு பக்கம், அவர்களின் சொல் மறுபக்கம். உன் கேள்விகள், உன் அத்தியாய அமைப்பு, உன் இங்கிலிஷ் வசனம், இவற்றைத் தாராளமாக ஏஐயிடம் காட்டு. திருத்தச் சொல்லிக் கேள், அதோடு வாதாடு. ஆனால் அந்தப் பெண்கள் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அமானிதத்தை இன்னொரு கைக்கு மாற்றுவதென்றால் உடையவரைக் கேட்க வேண்டும்.

இதை நம்மட ஊரில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைலும் கையுமாக வந்தவர்கள் எத்தனை பேர்! யுத்தம் முடியும் காலத்தில், 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் இங்கேதான் கொண்டு வந்து இறக்கியது. இந்திய வைத்தியக் குழு இங்கேதான் கள ஆஸ்பத்திரி போட்டது. பிறகு மீள்குடியேற்றம், வாழ்வாதாரம், நுண்கடன், 2022 பொருளாதார நெருக்கடி, 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிக் களைத்த சனம் இது. அதையும் தாண்டி உனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்து மறுபடியும் சொல்கிறார்கள்.

சம்மதம் கேட்கும் விதம்

“ஏஐ பாவிப்பேன், சம்மதமா?” என்று கேட்டால் அவர்களுக்கு விளங்காது. விளங்காத ஒன்றுக்குக் கிடைக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. இப்படிச் சொல்லிப் பார்: “நீங்க கதைக்கிறத ஃபோன்ல எடுப்பன். அதக் கேட்டு எழுதுறதுக்கு கொம்பியூட்டர் ஒண்டு உதவி செய்யும். அது என்ட லெப்டொப்புக்குள்ளதான், இன்டர்நெட்டுக்குப் போகாது. உங்களுக்கு விருப்பமில்லாட்டி நான் கையால எழுதுவன், ஒரு கரைச்சலும் இல்ல.” வெளிநாட்டு சேர்வருக்குப் போகப் போகிறதென்றால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், அதைச் செய்யாமல் விடு.

இன்னொன்று. வீடு தேடி வந்த பிள்ளையிடம் “வேணாம்” என்று சொல்ல நம்மட பெண்கள் வெட்கப்படுவார்கள். அதனால் ஒரு தடவை தலையாட்டியதை வைத்து முடிவு எடுக்காதே. கதைத்து முடிந்து, அழுகை ஓய்ந்து, எழும்பும் நேரத்தில் மறுபடி கேள். முதலில் “சரி” என்ற ஒருவர் கடைசியில் “அந்த மாமியார்ட கதைய மட்டும் அழிச்சிருங்க மகள்” என்றார். அவர் முன்னாலேயே அழித்தேன்.

உன் நிறுவனத்தின் ஒழுக்கவியல் குழு அனுமதித்த படிவத்தில் ஏஐ பற்றி ஒரு வரி இல்லையென்றால், திருத்தம் கேட்டுத் திரும்பப் போ. நாட்கள் பிந்தும், பரவாயில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், இனம், சமயம், பிள்ளைகளின் தகவல் இவற்றையெல்லாம் விசேட வகைத் தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம்மட நேர்காணலில் இவை நாலும் இல்லாத பக்கம் ஒன்று இருக்குமா? சர்வதேச சமூகப்பணியாளர் சம்மேளனம் 2018இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கவியல் கோட்பாடுகளிலும் தொழில்நுட்பத்தைப் பாவிப்பது பற்றித் தனிப் பகுதி உண்டு. உன் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்துக்கு இரண்டும் தேவைப்படும்; இப்போதே வாசித்து வை.

ஃபோனில் இருந்தே தொடங்கு

எல்லாரும் ஏஐயைப் பற்றி யோசிக்கிறார்கள், ஃபோனை மறந்து விடுகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் எடுத்த நேர்காணல் ஒன்று, நான் எங்கேயும் அனுப்பாமலே, தானாக பெக்கப் ஆகி வீட்டில் எல்லாரும் பாவிக்கும் கணக்குக்குப் போயிருந்தது. நல்ல வேளை, வேறு யாரும் திறக்க முதல் நான் கண்டேன். அன்றைக்கு எனக்கு நெஞ்சு பதறியது இன்னும் மறக்கவில்லை. ஆகவே வெளிக்களத்துக்குப் போக முதல் பெக்கப்பை நிறுத்து. ரெக்கோர்ட் பண்ணும் நேரம் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடு. அன்றிரவே லெப்டொப்புக்கு மாற்றி, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு, ஃபோனில் இருப்பதை அழி. மேற்பார்வையாளர் கேட்டாலும் ஓடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பாதே.

எழுத்தாக்குவது

இங்கேதான் பிள்ளைகள் முதலில் வழுக்குவார்கள். ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்டுக் கையால் எழுத நாலைந்து மணித்தியாலம் போகும், சில நேரம் அதற்கும் மேல். பதினொன்றையும் எழுத எத்தனை இரவு என்று எண்ணிப் பார்த்தால் யாருக்கும் ஏஐயின் ஞாபகம் வரும்தான். இந்த வேலைக்கு எல்லாரும் எடுப்பது விஸ்பர். ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்டது, இலவசம். அதை உன் லெப்டொப்பிலேயே இறக்கி, இன்டர்நெட் இல்லாமல் ஓட விடலாம். அப்படி ஓட விடுவதென்றால் மட்டும் பாவி. நிச்சயப்படுத்த வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு ஓட விட்டுப் பார், ஓடினால் சரி. இணையத்தில் ஏற்றச் சொல்லும் இலவச ஆப்களை இந்த வேலைக்கு எடுக்காதே. ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு உன் குரலில் திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்விக்கும் முறையும் உண்டு. குரல் உன்னுடையதாக இருந்தாலும் கதை அவர்களுடையது, அதுவும் பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் போகும். அதனால் அதுவும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

விஸ்பரிடம் தமிழை அதிகம் எதிர்பார்க்காதே. அதைப் பயிற்றுவித்த 680,000 மணித்தியால ஒலியில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்தே 117,000 மணித்தியாலம்தான். அந்தப் பங்குக்குள் ஒரு மூலையில் தமிழ். அதற்குள் நம்மட கிழக்குப் பேச்சு எவ்வளவு இருக்கும் என்று நீயே யோசி. அது தருவதைக் கரட்டு வரைபாக மட்டும் வைத்துக்கொண்டு, ஹெட்செட்டைப் போட்டு ஆரம்பத்திலிருந்து வரி வரியாகக் கேட்டுத் திருத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, இதை மட்டும் நன்றாகக் கேள். ஆள் கதைக்காமல் இருக்கும் இடத்தில் விஸ்பர் தானாக வசனம் போடும். 2024இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் கெனக்கியும் கூட்டாளிகளும் ஆங்கில ஒலிப்பதிவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நூற்றில் ஒரு துண்டு அளவில், யாரும் சொல்லாத வசனம் முழுதாக முளைத்திருந்தது. அப்படி முளைத்தவற்றில் பத்துக்கு நாலு அளவில் வன்முறை, பொய்யான உறவு, இல்லாத அதிகாரம் என்று தீங்கான விஷயம். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுப் பாதிக்கப்பட்டவர்களின் பதிவில் இது கூடுதலாக நடந்தது. பேச்சுக்கிடையில் மௌனம் நீளும் இடத்தில்தான் அது அதிகம் வழுக்கியது.

நம்மட நேர்காணலில் மௌனம் எங்கே வரும்? “அவர் போன அண்டைக்கு…” என்று தொடங்கி நிற்கும் இடத்தில். பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் முந்தானையைச் சுருட்டத் தொடங்கும் இடத்தில். தங்கச்சியின் மூன்றாவது நேர்காணலில் அப்படி ஓர் இடம், நாற்பது செக்கனுக்கு மேல். வெளியே கோழி கத்துவது மட்டும் கேட்கிறது. அந்த நாற்பது செக்கனில்தான் அந்த உம்மாவின் முழுக் கதையும் இருக்கிறது. அங்கே மெஷின் ஒரு வசனத்தை இட்டு நிரப்பி, நீயும் கவனிக்காமல் அதை அவர் சொன்னதாக ஆய்வில் போட்டால், அவர் வாயில் நீ சொல் வைத்தவள் ஆவாய். மௌனத்தை மௌனம் என்றே எழுது. எத்தனை செக்கன், கை என்ன செய்தது, கண் எங்கே போனது, அதை உன் வெளிக்களக் கொப்பியைப் பார்த்து எழுது.

சொல் மாறும் இடங்கள்

ஆய்வை இங்கிலிஷில் எழுதுகிற பிள்ளைகள் மேற்கோள்களை மெஷினிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கிறார்கள். தலைப்பில் நான் போட்ட ‘காக்கா’வை எடு. “காக்கா போனதுக்குப் பொறகு வாப்பா கடலுக்குப் போறதில்ல” என்று ஒரு பெண் சொன்னார். மூத்த சகோதரன் இறந்து போனதைச் சொல்கிறார். மெஷின் அதைக் காகம் பறந்து போனதாக்கியது. ஒரு குடும்பத்தில் நேர்ந்த மரணம் ஒரு பறவையின் பறப்பானது.

இப்படி எத்தனையோ சொல். ‘வாடி’ என்றால் கரைவலைக்காரர் போடும் கொட்டில். மெஷினுக்கு அது வாடிப் போன பூ. “ஒரே யோசனை” என்றால் நம்மிடம் கவலை. அது நல்ல ஐடியா என்று மாற்றும். ‘கரைச்சல்’ தொல்லை, கரைந்து போவது இல்லை. ‘இயக்கம்’ என்று இந்த மண்ணில் ஒரு பெண் சொன்னால் அது ஆயுதம் தூக்கிய அமைப்பு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மெஷின் அதை ஏதாவது ஓர் அசைவாக்கிவிடும். “அஸ்வெசும லிஸ்டில என்ட பேர வெட்டிட்டாங்க” என்றால் பட்டியலிலிருந்து நீக்கியது. இத்தா இருப்பதும் மௌத்தும் சீதனமும் அதன் கையில் தட்டையாகிப் போகும்.

ஆகவே மேற்கோளை நீயே மொழிபெயர். தமிழ் மூலத்தைப் பக்கத்திலேயே போடு. சொற்களுக்கு ஒரு சின்ன அகராதி உன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வா. அதுவே ஆய்வின் பின்னிணைப்பாகவும் ஆகும். இங்கிலிஷ் வசனத்தின் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்க வேண்டுமானால், அந்த மேற்கோளை வெளியே எடுத்துவிட்டு உன் விளக்கப் பந்தியை மட்டும் கொடு.

பேரை எடுத்தால் போதாது

“ராத்தா, பேரெல்லாம் எடுத்துட்டுத்தானே குடுக்கப் போறன்” என்றாள் தங்கச்சி. நான் அவளுடைய குறிப்பிலிருந்தே ஒரு வரியை வாசித்துக் காட்டினேன்: கணவர் கனியமணல் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தவர், மூன்று பெண்பிள்ளைகள், சந்திக்குப் பக்கத்தில் இடியப்பம் அவித்து விற்கிறார். “இது ஆர்?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நம்மட ஊரில் ஆளைக் காட்டப் பேர் தேவையே இல்லை. வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை, வருடம், இடம், இந்த நாலில் இரண்டு போதும்.

கொழும்பில் இருந்து வழிகாட்டி நூல் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. அதனால் விபரத்தை அகலப்படுத்து: ‘புல்மோட்டைச் சந்தி’ என்பது ‘திருகோணமலை மாவட்டத்தின் வடக்குக் கரையோரக் கிராமம்’ ஆகட்டும். ‘இடியப்பம்’ ‘வீட்டிலிருந்து செய்யும் உணவு வியாபாரம்’ ஆகட்டும். யாருக்கு எதை மாற்றினாய் என்ற பட்டியல் வேறு கொப்பியில், வேறு இடத்தில். இது ஏஐக்காக மட்டும் இல்லை. ஆய்வு நூலகத்துக்குப் போனால் கடன் வசூலிக்கிறவரும் அதை வாசிக்கலாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றின் அமைப்புக்குள் போய், உன் உரையாடலை வைத்துப் பயிற்றுவிக்க வேண்டாம் என்று நிறுத்தி வைக்கலாம். அதைச் செய், நல்லது. ஆனால் அதை நிறுத்தி வைத்தாலும் நீ ஒட்டிய எழுத்து உன் கையை விட்டுப் போனதுதான்.

காந்தத்துக்கு ஒட்டாத மணல்

தீம் பிரிப்பது பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அட்லஸ் டிஐ, மக்ஸ்க்யூடிஏ, என்விவோ என்று பேர்போன மென்பொருள்களில் ஏஐ வந்துவிட்டது. மறுபக்கம், கருப்பொருள் பகுப்பாய்வின் ஆறு படிகளை 2006இல் எழுதிய வேர்ஜீனியா பிரவுணும் விக்டோரியா கிளார்க்கும், ஆய்வாளர் தன்னையும் வைத்துச் சிந்தித்துச் செய்யும் பண்புசார் ஆய்வுக்கு ஏஐ வேண்டாம் என்று 2025இல் 400க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார்கள். உன் ஆய்வுமுறை அத்தியாயத்தில் அந்த இருவரின் பேரையும் போட்டுவிட்டு ஏஐயிடம் தீம் வாங்கினால், தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீ பிறந்த ஊரின் வேலையை யோசித்துப் பார். பல பத்து வருடமாக இங்கே கனியமணலைப் பிரிக்கிறார்கள். காந்தம் இல்மனைற்றை இழுத்து எடுக்கும். உருட்டைலும் சேர்க்கனும் காந்தத்துக்கு ஒட்டாது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும், விலையும் அவற்றுக்குத்தான் கூட. ஏஐயிடம் பதினொரு நேர்காணலைக் கொடுத்தால் அது காந்தம் மாதிரி இழுக்கும். ‘வறுமை’, ‘கடன் சுமை’, ‘மீண்டெழும் தன்மை’, ‘வலுவூட்டல்’ என்று ஏற்கெனவே உலகம் பூராவும் எழுதிக் குவித்த சொல்லெல்லாம் வரும். அவை பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தி, கடன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததைச் சொன்னாளே, அதற்கு ஒட்டும் காந்தம் இன்னும் செய்யப்படவில்லை.

அதனால் முதல் வாசிப்பும், வரிகளுக்குக் குறிச்சொல் இடும் முதல் கோடிங்கும் உன் கையால். பேப்பரில் பிரின்ட் எடுத்து, கலர்ப் பென்சிலால் செய்தாலும் சரி. கொம்பியூட்டரில் என்றால் டகெற் போன்ற இலவச மென்பொருள் போதும். எல்லாம் முடிந்த பிறகு, மேற்கோள் ஒன்றும் இல்லாமல் உன் கோட்களின் பட்டியலை மட்டும் ஏஐயிடம் கொடுத்து, “இதில் எது எதோடு முரண்படுகிறது? நான் எதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம்?” என்று கேள். அப்படிக் கேட்டால் நல்ல கேள்விகள் தரும். அதன் விடையை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குத் திரும்பிப் போ.

தாராளமாகப் பாவிக்க வேண்டிய இடங்கள்

கோட்டுக்கு இந்தப் பக்கம் அது நல்ல துணை. நேர்காணலுக்குப் போக முதல் உன் கேள்விகளைக் கொடுத்து, எந்தக் கேள்வி விடையைத் திணிக்கிறது என்று பார்க்கச் சொல். “கடன் எடுத்து எவ்வளவு கஷ்டப்பட்டீங்க?” என்று தங்கச்சி எழுதியிருந்தாள். கஷ்டப்பட்டார் என்று முதலே முடிவெடுத்த கேள்வி அது. “கடன் எடுத்த நாளிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்க” என்று மாற்றினோம். ஒரு பெண்ணைப் போல நடித்துப் பதில் சொல்லச் சொல்லியும் பழகலாம். சுருக்கமாகப் பதில் சொல்கிற, எரிச்சல்படுகிற ஒருவராக நடிக்கச் சொல். கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அப்படி வந்த பதில் ஒன்றுகூட ஆய்வுக்குள் வரக்கூடாது.

முன்னைய ஆய்வுகளைத் தேடக் கேட்கும்போது கவனம். புல்மோட்டையைப் பற்றி ஒரு கட்டுரை என்று ஒரு கருவி எனக்கு ஆசிரியர் பேர், வருடம், பக்க இலக்கம் எல்லாம் தந்தது. இரண்டு நாள் தேடினேன். அப்படியொரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. கையில் திறந்து வாசிக்காத எதையும் உசாத்துணையில் சேர்க்காதே.

எந்தக் கருவி, எந்தத் திகதி, எதற்காக, என்ன கேட்டாய், எதை ஏற்றாய், எதை விட்டாய் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுது. ஆய்வுமுறை அத்தியாயத்தில் அதைத் திறந்து சொல். ஒளித்துச் செய்தால்தான் அது குற்றமாகத் தெரியும்.

நேர்காணலில் யாராவது செத்துவிடலாம் போல இருக்கிறது என்றாலோ, ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சொன்னாலோ, அந்த நேரம் ஏஐயிடம் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு இருக்காதே. ஆய்வை நிறுத்து. மேற்பார்வையாளருக்குக் கோல் அடி. உதவி இலக்கங்கள்: பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநலத்துக்கு 1926. இந்த மூன்றையும் வெளிக்களத்துக்குப் போக முதல் கொப்பியின் முன் அட்டையில் எழுதி வை, அவர்களுக்கும் ஒரு துண்டில் எழுதிக் கொடு.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண்களிடம் திரும்பிப் போ. நீ கண்டுபிடித்ததை உன் சொல்லில் ஒரு பக்கம் எழுதி, அதை இன்னும் எளிய தமிழாக்க ஏஐயிடம் கேள். அது உன் எழுத்து, கேட்கலாம். பிறகு நீ திருத்தி, அவர்களுக்கு வாசித்துக் காட்டு. முன்பு நான் அப்படி வாசித்தபோது, “பொருளாதாரக் கஷ்டம்” என்ற இடத்தில் ஒரு உம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். “கஷ்டம் எண்டு போடாதீங்க மகள். கஷ்டம் எங்களுக்குப் பழக்கம். வெக்கம் எண்டு போடுங்க.” பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அங்கேயே பேனையை வாங்கி வெட்டி, ‘வெட்கம்’ என்று எழுதினேன். அந்த ஆய்வின் நாலாம் அத்தியாயத்தை முழுதாகத் திருப்பி எழுத எனக்கு இன்னும் ஒரு மாதம் போனது.